ஊதா நிறக் குறி

லோம்
10 செப்டம்பர் 2018

ராதோ,

இனி நீ போன் செய்தால் எடுக்கமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, கோபமெல்லாம் போன மாதமே தீர்ந்துவிட்டது. போனில் நீ எதற்கெடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். நாணயச் சந்தையில் உன் வீடு போனபோதும் சரிக்கா, உன் மனைவி எலித்சா உன்னை விட்டுப் போனபோதும் சரிக்கா. அந்தச் சொல்லோடு சண்டை போடக்கூட முடியவில்லை. காகிதத்தில் எழுது. பொய் சொல்வதென்றாலும் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்து, தபால்தலை ஒட்டிச் சொல். அந்தச் சிரமமாவது படு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எதிர்வீட்டு வென்சியின் மனைவி மருந்துக் கடைக்கு வந்தாள். வரிசையில் மூன்று பேர் நிற்கிறார்கள். நான் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "ஒன் தம்பி சோஃபியால சீட்டாடறானாமே, கம்ப்யூட்டர்ல?" என்று கேட்டாள். "சீட்டு இல்லம்மா, கணக்கு வேலை" என்றேன். அதற்குள் எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். வரிசையில் நின்ற மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஒன்பது வருடம் சந்தையில் உட்கார்ந்து, கையில் இருந்ததையெல்லாம் தொலைத்தாய். இப்போது சீட்டா? முப்பத்தெட்டு வயதில்?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் "ராதோ என்ன பண்றான்?" என்று கேட்கிறார். நெஞ்சுச்சளி வேறு. என்ன சொல்லட்டும் என்று நீயே எழுது.

நெவேனா

•

சோஃபியா
19 செப்டம்பர் 2018

அக்கா,

பேனா பிடித்து ஆறு வருடம் ஆகியிருக்கும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

சீட்டுதான். போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. கையில் இருப்பது நல்லது என்று நினைத்தால் பந்தயத்தை ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டை வைத்துவிட்டு விலகலாம். விலகியவனின் சீட்டை யாரும் பார்க்க முடியாது. ஆட்டம் அவ்வளவுதான்.

லியூலின் பகுதியில் எட்டாவது மாடியில் ஒரு வீடு. ஏழு பேர் இருக்கிறோம். ஆட்டத்துக்கான பணம் ஒரு குழுவுடையது, ஜெயிப்பதில் பாதி அவர்களுக்குப் போகும். சொல்லிக்கொடுப்பவன் பெயர் யாவோர், வயது இருபத்தாறு. என்னை "தாத்தா" என்கிறான். காலை பத்து மணிக்கு எல்லாருடைய போனையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பான். ஆகவே நீ போனை எடுக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றை மட்டும் நம்பு. சந்தையில் நான் ஏன் தோற்றேன் என்பது இங்கே வந்துதான் புரிந்தது. இவ்வளவுக்கு மேல் இழக்கமாட்டேன் என்று ஒரு கோடு போடுவேன். விலை கோட்டுக்கு அருகில் வந்ததும் கோட்டை நகர்த்திவிடுவேன். ஒரே நாளில் நான்கு முறை நகர்த்தியிருக்கிறேன். விலை எனக்காகத் திரும்பும் என்று நினைத்தேன். யாவோர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்டித்தான் வர்றாங்க தாத்தா" என்றான்.

இங்கே முதல் பாடம், கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கக்கூடாது. திரையில் அந்தத் தொகை வரும் மூலையில் எல்லாரும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். இரண்டாவது பாடம், ஒவ்வொரு முடிவுக்கும் விளைவு தெரிவதற்கு முன்பே மதிப்பெண் போடவேண்டும். சரி, சுமார், தப்பு. அதன் பிறகு ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த மதிப்பெண்ணை மாற்றக்கூடாது. முடிவு சரியாக இருந்து தோற்றால் அதற்கு வருந்தவேண்டியதில்லை. முடிவு தப்பாக இருந்து ஜெயித்தால் அதற்குத்தான் வெட்கப்படவேண்டும்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. சந்தையில் எதிரே யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. நான் விற்றதை யாரோ வாங்குவார்கள். இங்கே பெயர் ஒன்று தெரியும், அவ்வளவுதான். எங்களுக்கும் புனைபெயர்தான். எனக்கு யாவோர் வைத்தது சிவ்ச்சோ. கழுதைக்கு வைக்கிற பெயர்.

அப்பாவிடம் சொல்ல விரும்பினால் சொல். மிகச் சின்ன மேசையில்தான் ஆடுகிறேன் என்றும் சொல். நம்பவில்லையென்றால் பார்த்துக்கொள்ள, ஆடும் இணையதளத்தின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு ஆட்டத்தில் காபி விலைகூடப் போகாது.

ராதோ

•

லோம்
8 அக்டோபர் 2018

ராதோ,

சொல்லிவிட்டேன். முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். அவர் தோல் உரிக்கிறார், நான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்:

"ஜெயிக்கறானா?"

"ஜெயிக்கறது முக்கியமில்லையாம்பா. முடிவு சரியா இருக்கணுமாம்."

"கிரேன் ஓட்டறதும் அதான். கொக்கிய சரியா மாட்டியும் கயிறு அறுந்தா, அது கயித்தோட தப்பு. என்ன பேர்ல ஒக்காந்திருக்கான்?"

"சிவ்ச்சோ."

சிரித்தார் பார், சிரிப்பு இருமலாக மாறி, முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. அப்புறமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சிவ்ச்சோ, சிவ்ச்சோ" என்று முணுமுணுத்தார். எந்த நேரத்தில் ஆடுகிறாய், எந்த மேசை என்று துருவித் துருவிக் கேட்டார். கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை முன்னும் பின்னும் படித்தார்.

உன் அப்பா இப்போது நாகரிகமாகிவிட்டார். வென்சியிடம் ஒரு பழைய மடிக்கணினி வாங்கி இணையமும் இழுத்துக்கொண்டார். "எதுக்குப்பா?" என்றேன். "ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு பாக்கத்தான். ரேடியோக்காரி முழுங்கி முழுங்கிப் பேசறா" என்றார். துறைமுகக் கிரேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் டான்யூப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் கடைக்குப் போனதும் உட்கார்ந்துவிடுகிறார் போலிருக்கிறது. திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கிறது.

அவருக்கும் இரண்டு வரி எழுது. என் கடிதத்தின் அடியில் எழுதினாலும் போதும்.

மிளகாய்த் தொக்கு இரண்டு ஜாடி வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஏழு பேருக்கும் கொடு, தாத்தா மட்டும் தின்னாதே.

நெவேனா

•

சோஃபியா
12 டிசம்பர் 2018

அக்கா,

தொக்கு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. யாவோர் விரலால் வழித்தான்.

நன்றாகப் போகிறது. எவ்வளவு என்று கேட்காதே, டேப்பை எடுத்துப் பார்க்கவில்லை. போன வாரம் ஒரு மேசை மேலே ஏற்றினார்கள். இன்று கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு, இருந்த அத்தனையையும் ஒரு கத்துக்குட்டியிடம் இழந்தேன். கடைசிச் சீட்டில். ஐந்தில் நான்கு முறை நான் ஜெயிக்கவேண்டிய இடம். ஒன்றும் தோன்றவில்லை. நோட்டில் "சரி" என்று எழுதிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். யாவோர் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். எல்லாரையும் கூப்பிட்டு, "பாருங்க, தாத்தா மூஞ்சிய பாருங்க. இதான் வேணும்" என்றான்.

முன்பெல்லாம் இழந்தால் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அது நின்றுவிட்டது. மற்ற சிலதும் நின்றுவிட்டன. போன வாரம் டிராம் நிறுத்தத்தில் ஒரு பெண் பனியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நாலைந்து பேர் ஓடினார்கள், அது போதும் என்று தோன்றியது. டிராமில் ஏறி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான், நான் ஓடவில்லை என்பதைக் கவனித்தேன்.

வேலையைப் பற்றிக் கேட்டாயே. எங்களோடு ஆடுகிறவர்களுக்கு நிறக் குறி வைப்போம். சிவப்பு என்றால் ஆபத்து. பச்சை என்றால் குடித்துவிட்டு ஆடுகிறவன். ஊதா என்றால் பயந்தாங்கொள்ளி, அதட்டினால் விலகிவிடுவான். பெயரை யாரும் படிப்பதில்லை, நிறத்தைத்தான் பார்ப்போம். எனக்கு ஓர் ஊதாக்காரர் கிடைத்திருக்கிறார். நான் பந்தயத்தை ஏற்றினால் போதும், ஒவ்வொரு முறையும் சீட்டை வைத்துவிடுகிறார். கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் விலகினார். நான் மேல் மேசைக்குப் போனதும் அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். "ஒன்ன தேடி வந்து காசு குடுக்கறான், தாத்தா. விட்டுடாத" என்கிறான் யாவோர். விடவில்லை. அரட்டைப் பெட்டியையும் மூடிவிட்டேன். எதிராளி பேச ஆரம்பித்தால் நமக்கு அவன்மேல் ஏதாவது தோன்றிவிடும், அது கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது. விடுமுறையில்தான் எல்லாரும் குடித்துவிட்டு ஆடுவார்கள். வருடத்திலேயே நல்ல நாட்கள்.

அப்பாவுக்கு எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ராதோ

•

லோம்
4 ஜனவரி 2019

ராதோ,

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மேசையில் ஒன்பது பதார்த்தம் வைத்தேன், மூன்று தட்டு வைத்தேன். உள்ளே காசு வைத்துச் சுட்ட ரொட்டியை அப்பா பிய்த்தார். மறைந்த அம்மாவுக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு ஒன்று, அவருக்கு, எனக்கு, உனக்கு. வருடத்தின் அதிர்ஷ்டக் காசு உன் துண்டில் வந்தது.

"பாத்தியா, வராமலேயே ஜெயிக்கறான்" என்றார்.

பிய்ப்பதற்கு முன்பு அவர் ரொட்டியின் அடியில் விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். காசைத் தீப்பெட்டியில் போட்டு உனக்காக வைத்திருக்கிறார்.

கை ஒடிந்த பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அதை ஏன் எனக்கு எழுதினாய் என்று யோசித்தேன். உனக்கே பயமாக இருந்திருக்கிறது, அதனால்தான். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் வந்து போ. சோஃபியா என்ன சந்திரமண்டலத்திலா இருக்கிறது?

இருமல் அதிகமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். பகலில் வேலை இருக்கிறதாம். எழுபத்தொரு வயதில் என்ன வேலையோ.

நெவேனா

•

சோஃபியா
19 பிப்ரவரி 2019

அக்கா,

நேற்று நீயே போன் செய்திருக்கிறாய். ஆறு மணிக்கு டப்பா திறந்ததும் பார்த்தேன், பதினொரு அழைப்பு. பேசும்போது நீ கத்தியதால் நான் சொல்ல வந்ததைச் சொல்லமுடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவை நேற்றுக் காலை நிமோனியா என்று சேர்த்திருக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது, இந்த மாதிரி வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று டாக்டர் சொன்னதாக நீதான் சொன்னாய். எனக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி இல்லை, இருபத்தெட்டோடு முடிகிறது. அதற்குள் இருபதாயிரம் ஆட்டம் முடித்தால்தான் அடுத்த நிலை. இரண்டு நாள் விட்டால் எண்ணிக்கை வராது, வீட்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள். மறுபடி தெருவுக்கு வருவேன். இப்போது வந்தால் அப்பாவுக்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்காரலாம். மார்ச் இரண்டாம் தேதி சனிக்கிழமை வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு வாரம் தங்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சனிக்கிழமைதான் சரியான முடிவு. நீ என்னை இரக்கமில்லாதவன் என்றாய். இரக்கம் வேறு, கணக்கு வேறு. சந்தையில் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தான் கோட்டை நகர்த்தினேன்.

அப்பாவிடம் சனிக்கிழமை என்று சொல்.

ராதோ

•

லோம்
2 ஏப்ரல் 2019

ராதோ,

நேற்று நாற்பதாம் நாள் முடிந்தது. அதுவரை உனக்கு எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி வந்தது. அப்பா இருபத்தொன்றாம் தேதி காலையில் போய்விட்டார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கடையில் மெழுகுவர்த்தி வாங்கப் போனேன். கடைக்காரி மீதி கொடுக்கும் நேரத்தில் பிரித்துப் படித்தேன். தொண்ணூற்றைந்து, சனிக்கிழமை, சரியான முடிவு.

செவ்வாய்க்கிழமை அவர் "அவன தொந்தரவு பண்ணாத, பரீட்சையாம்" என்றார். புதன்கிழமை மத்தியானம் "ராதோ வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். இரண்டும் அவர் சொன்னதுதான். நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அடக்கத்துக்கு வந்தாய், நல்ல கோட்டுப் போட்டிருந்தாய். எல்லாருக்கும் கை கொடுத்தாய். அழாததற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. அழுகை வராதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல்லறையிலிருந்து வந்து, கையில் துக்கச் சடங்குக்கு அவித்த கோதுமைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, வென்சியும் அவன் மனைவியும் கேட்க என்னிடம் என்ன சொன்னாய்? "முடிவு சரிதாங்க்கா. விளைவுதான் தப்பாப் போச்சு." ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுக்கொண்டாய்.

நீ அதை நம்பித்தான் சொன்னாய். குத்துவதற்காகச் சொல்லியிருந்தால் அறைந்துவிட்டு மறந்திருப்பேன்.

நாற்பதாம் நாள் அறிவிப்பை அச்சடித்து வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் துறைமுக வாசலிலும் ஒட்டினேன். அப்பாவின் படம், கீழே "துயரத்தில்: மகள் நெவேனா." அவ்வளவுதான். ஊர் முழுக்கப் படித்தது. வென்சியின் மனைவி கம்பத்தின் அடியில் நின்று இரண்டு முறை படித்தாள். நீயும் தெரிந்துகொள். துயரத்தில் இல்லாதவனை இருப்பதாக அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நெவேனா

•

சோஃபியா
20 ஏப்ரல் 2019

அக்கா,

பெயரை விட்டது சரிதான். நானும் அதையே செய்திருப்பேன்.

இருபதாயிரத்தை முடித்துவிட்டேன். அடுத்த நிலை கொடுத்தார்கள். யாவோர் கேக் வாங்கி வந்தான்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் முயன்று பார்த்தேன். அப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கிரேன் அறையிலிருந்து நமக்குக் கை காட்டுவதை நினைத்துப் பார்த்தேன். ஊசி போட்ட பிறகு பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. பல் இருக்கிறது, என்னுடையதாக இல்லை. எட்டு மணிக்கு எழுகிறேன், பத்து மணிக்கு உட்காருகிறேன். தூக்கம் நன்றாக வருகிறது. அதைச் சொன்னால் நீ இன்னும் கோபப்படுவாய், ஆனால் வருகிறது.

காகிதத்தில் பொய் எழுதுவது கஷ்டம் என்று நீ சொன்னது உண்மை.

ராதோ

•

லோம்
5 ஆகஸ்ட் 2019

ராதோ,

இருபத்தொன்றாம் தேதி ஆறு மாதம் ஆகிறது. மறுபடி அறிவிப்பு ஒட்டவேண்டும். அதற்குப் படம் தேடி அப்பாவின் அலமாரியைக் கிளறினேன். அவர் கிரேன் ஓட்டிய காலத்து ஷிப்ட் நோட்டுகளோடு புதிதாக ஒன்று இருந்தது. போன அக்டோபரில் ஆரம்பித்து பிப்ரவரி பதினேழு வரை எழுதியிருக்கிறார். பழைய நோட்டைப் போலவே கட்டம் போட்டிருக்கிறார். தேதி, ஆற்று நீர், அப்புறம் எனக்குப் புரியாதவை. உனக்குப் புரியும் என்று சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

"நவ. 9. தண்ணீர் 96. சின்ன மேசை. எனக்கு இரண்டு ராணி. சிவ்ச்சோ ஏற்றினான். இறக்கி வைத்தேன்."

"நவ. 21. தண்ணீர் 88. ஏஸ், ராஜா. ஒரு ருமேனியனிடம் ஏற்றி ஜெயித்தேன். பிறகு சிவ்ச்சோ வந்தான். எனக்கு இரண்டு ஏஸ். இறக்கி வைத்தேன்."

"டிச. 5. சிவ்ச்சோ மேல் மேசைக்குப் போய்விட்டான். தேடிப் பிடித்தேன். பையன் முன்னேறுகிறான்."

இப்படி நாற்பது பக்கம். மற்றவர்களிடம் ஏற்றியிருக்கிறார், ஜெயித்திருக்கிறார், தோற்றுமிருக்கிறார். சிவ்ச்சோ என்று வரும் இடத்திலெல்லாம் "இறக்கி வைத்தேன்" என்றுதான் இருக்கிறது. அட்டையின் உள்பக்கம் அவருடைய புனைபெயர்: கி.மீ. 743.

உனக்கு அந்த எண்ணைச் சொல்லவேண்டியதில்லை. துறைமுகச் சுவரில், ஆறு கடலுக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்குமே. அதன் அடியில்தான் நீ சைக்கிள் பழகினாய். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, ராதோ. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். நீ பெயரையே பார்க்கவில்லை.

தண்ணீர் பார்க்கிறார் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஜனவரியில் "பகலில் வேலை இருக்கு" என்றபோது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கலாம். இதை வேறு யாரிடமும் சொல்லமுடியாது.

அச்சுக்கடைக்காரர் பதினைந்தாம் தேதிக்குள் கேட்கிறார். உன் பெயரைப் போடட்டுமா? இம்முறை நீ சொல்வதைச் செய்கிறேன்.

நெவேனா

•

சோஃபியா
11 ஆகஸ்ட் 2019

அக்கா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றிலிருந்து மேசையில் உட்காரவில்லை. யாவோரிடம் காரணம் சொல்லவில்லை, பல் வலி என்றேன்.

நாங்கள் ஆடிய எல்லா ஆட்டமும் கணினியில் பதிவாகி இருக்கும். 743 என்று தேடினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் வந்தது. எல்லாவற்றிலும் ஊதா நிறக் குறி. என் கையால் எழுதிய குறிப்பும் இருக்கிறது: "பயந்தவன். எதை வைத்து ஏற்றினாலும் ஓடிவிடுவான். விடாதே."

நவம்பர் இருபத்தொன்று. அப்பாவிடம் இரண்டு ஏஸ் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் ஒரு சீட்டு கிடையாது. என்னிடம் ஒரு ஏழும் ஒரு இரண்டும் இருந்தன. அதற்குக் கீழே ஒரு சீட்டு கிடையாது. ஏற்றினேன், அவர் வைத்துவிட்டார். நாற்பது சென்ட் எடுத்தேன். நோட்டில் அதற்கு "சரி" என்று போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அரட்டைப் பெட்டியைத் திரையில் மூடினாலும் எதிராளி எழுதியதெல்லாம் பதிவில் சேர்ந்துவிடும். எனக்கு அது தெரியும், பார்த்ததில்லை. வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி ஆற்று நீர்தான். மீதியில் சிலதை எழுதுகிறேன்.

"தண்ணி 96. எறங்குது."

"நெவேனா முட்டைக்கோஸ் ஊறப்போட்டிருக்கா. ஒனக்கு ஒரு ஜாடி இருக்கு."

"நல்லா ஆடினே சிவ்ச்சோ."

"ரொட்டில காசு ஒனக்குத்தான்."

"சாப்பிட்டியா?"

இது பதினேழு முறை வருகிறது. மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு.

கடைசி, பிப்ரவரி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை: "தண்ணி 418. ஏறுது. நாளைக்கு நான் இருக்கமாட்டேன். நீ ஆடு."

அவருக்கு முடியவில்லை என்று உனக்கு முன்பே எனக்கு எழுதியிருக்கிறார். திரையில், நான் மூடி வைத்த பெட்டியில். அந்த ஆட்டத்தில் அவருக்கு என்ன சீட்டு என்று நோட்டில் பார்த்துச் சொல். வேண்டாம், சொல்லாதே.

தொண்ணூற்றைந்து என்று கணக்குப் போட்டேனே, அதில் இது இல்லை. அந்தக் கணக்குத் தப்பு. விளைவு தப்பாகப் போனதால் சொல்லவில்லை. அப்பா அன்று பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்திருந்தாலும் தப்புதான். "சரி" என்று எழுதியிருந்ததை இன்று அடித்துவிட்டேன். மாற்றக்கூடாது என்பது விதி.

நீ அவரை இழுத்துப் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே. அவர் மேசையை விட்டு எழுந்திருக்கமாட்டார், அந்த மேசையில்தான் நான் இருந்தேனே.

பெயரைப் பற்றிக் கேட்டாய். துயரத்தில் இருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் அழவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் மணி ஒன்று ஆனதும் எழுந்துவிடுகிறேன், அவ்வளவுதான் நடக்கிறது. அது துயரமென்றால் போடு. இல்லையென்றால் உன் பெயர் மட்டும் இருக்கட்டும். எப்படி இருந்தாலும் இருபதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான். கதவு, கம்பம், துறைமுக வாசல், மூன்றிலும் நானே ஒட்டுகிறேன். டேப் வாங்கவேண்டாம், திரையில் ஒட்டப் பயன்படுத்தியது முக்கால் சுருள் மீதி இருக்கிறது.

இன்று லோமில் தண்ணீர் 187. இறங்குகிறது.

ராதோ